‘கொஞ்சம் பிரைட் பண்ணுங்க’: தோல் திருத்தும் பிளக்இன்களும் சாதியின் கண்ணும்

சென்ற மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: “தோழர், ஸ்கின் ரீடச்சிங்குக்கு எந்த பிளக்இன் வாங்கலாம்? போர்ட்ரெய்ச்சரா, ரீடச்ஃபோர்மீயா, இல்ல ஈவோட்டோவா?” குடும்பத்தில் முதல் பட்டதாரி. மாதத் தவணையில் கேமரா வாங்கி, சென்னையில் துணிக்கடைகளுக்கும் சின்னச் சின்ன ஃபேஷன் பிராண்டுகளுக்கும் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். தவணைக்கு ஒதுக்கிய பணத்தில் கைவைத்துத்தான் பிளக்இன் வாங்க வேண்டும். தப்பாக வாங்கிவிடக் கூடாதே என்கிற பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. ஒற்றை வரியில் பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறுத்தியது. பதினோரு வருடமாக இதே வேலையைச் செய்கிறவன் நான். எந்தக் கருவி தோலை எப்படி மழுப்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கருவியைத் திறந்து உட்கார்ந்ததும் என் கை ஏன் எப்போதும் வெளிச்சத்தைக் கூட்டுகிற பக்கமே போகிறது என்பதை அவருக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் யாரும் “வெள்ளையாக்குங்கள்” என்று கேட்பதில்லை. அது அநாகரிகம் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கிற வார்த்தைகள் வேறு. “கொஞ்சம் பிரைட் பண்ணுங்க.” “ஃபேஸ் கிளீனா வரணும்.” “ஃபிரெஷ்ஷா இல்லியே.” “பட்டுப்புடவை, ரிச் லுக் வேணும்ல?” நெருங்கிப் பழகிய வாடிக்கையாளர் என்றால் உண்மையைச் சொல்லிவிடுவார்: “லோக்கலா தெரியுது பாஸ்.” அந்த ‘லோக்கல்’ எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் இருக்கும் பெண் மயிலாப்பூரில் பிறந்திருந்தாலும் அவள் நிறம் கறுப்பு என்றால் அவள் லோக்கல். மும்பையிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய மாடல் ஒருபோதும் லோக்கல் ஆவதில்லை. ‘கிளீன்’ என்ற வார்த்தையை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். சுத்தம், அசுத்தம் என்று மனிதர்களைப் பிரித்து வைத்த ஒரு சமூகத்தில், முகம் ‘கிளீனாக’ வேண்டும் என்பது வெறும் அழகியல் கோரிக்கையாக இருக்க முடியுமா?

திண்டுக்கல் பக்கம் ஓர் ஆல்பம் டிசைன் கடையில்தான் தொழில் பழகினேன். ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கல்யாணத்துக்கு எண்ணூறு, ஆயிரம் படங்கள் வரும். ஒன்றில் சரி பார்த்து, அதே செட்டிங்கை எல்லாப் படத்துக்கும் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடைக்கே வந்து, பெண்ணைக் கொஞ்சம் ‘ஏத்தி’ விடச் சொன்னார்கள். ஏற்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஆல்பத்தை வாங்க அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர், மகளும் தானும் சேர்ந்து நிற்கிற படத்தில் நின்றுவிட்டார். மகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஏற்றியிருந்ததால் பக்கத்தில் நின்ற அம்மா எடுத்த நிறத்திலேயே இருந்தார். “ஏன் தம்பி, யாரு பெத்த பிள்ளையோ மாதிரி இருக்கா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாக்கிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே, “அடுத்த தடவ அம்மாவையும் சேத்து ஏத்திடு” என்றார்.

இதைப் படிக்கிற சில தோழர்களுக்கு ஒரு கேள்வி எழும். நிறம் வேறு, சாதி வேறு இல்லையா? ஆதிக்க சாதிகளிலும் கறுப்பானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சாதி இனப் பிரிவினை அல்ல என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையிலேயே அம்பேத்கர் வாதிட்டுவிட்டார். ஒரே பகுதியில் வாழும் பார்ப்பனரும் தீண்டத்தகாதவராக்கப்பட்டவரும் ஒரே இனவழியினர்தான் என்பது அவர் நிலைப்பாடு. தோலுக்குள் சாதி கிடையாது. ஆனால் தோலைப் பார்க்கிற கண்ணுக்குள் இருக்கிறது. கறுத்த பார்ப்பனரையும் சிவந்த சேரிக்காரரையும் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்த அசிங்கத்தை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிற ஒரு கூட்டம், கணக்குத் தப்பும்போது பதறிப்போய்ச் சொன்ன பழமொழி அது. அந்தக் கணக்கு தப்பு என்று ஆயிரம் முறை நிரூபணமானாலும் அந்தக் கண் மாறவில்லை. கல்யாண விளம்பரத்தில் சாதிக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே நிறமும் உட்கார்ந்திருக்கிறது.

வீடியோவுக்கு நிறத்திருத்தம் செய்கிறவர்களிடம் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். வெக்டர்ஸ்கோப் என்ற அளவுகோலில் மனிதத் தோலுக்கென்று ஒரு கோடு இருக்கும். கறுப்போ, சிவப்போ, மாநிறமோ, சரியான வெளிச்சத்தில் எடுத்த யாருடைய தோலானாலும் சாயல் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். பெரிதாக மாறுவது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்பதுதான். அந்த வெளிச்சத்தின் அளவில்தான் பெண் பார்க்கும் படலமும், விளம்பர ஒப்பந்தமும், கதாநாயகி வாய்ப்பும் நடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலருடைய கறுப்பில் பாதி பிறப்பில் வந்ததல்ல, வெயிலில் வந்தது. நாற்று நட்ட வெயில், செங்கல் சூளை வெயில், சித்தாள் வேலை வெயில். யார் வெயிலில் நிற்பது, யார் நிழலில் உட்காருவது என்பதை இந்த நாட்டில் தீர்மானித்தது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டைக்கு உள்ளே ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமும் கொண்ட உடம்பு உழைத்த உடம்பு. ரீடச்சிங் செயலிகள் அதற்கு வைத்திருக்கிற பெயர் ‘சீரற்ற தோல்நிறம்’. முழங்கையில் அரிவாள் வெட்டின தழும்பு, நெற்றியில் சுமை தூக்கிய தடம், எல்லாம் அங்கே ‘பிளெமிஷ்’. ஒரே சொடுக்கில் போய்விடும்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நெகட்டிவ் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்து, கூர் சீவிய பென்சிலால் புள்ளிபுள்ளியாக ‘டச்சிங்’ செய்தார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சில் கரி ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். கறுப்பாக்க வேண்டும் என்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், கை தவறினால் நெகட்டிவே போய்விடும். ஆக, வெளுப்பாக்குவது சுலபம், கறுப்பாக்குவது ஆபத்து என்பது அந்தக் காலத்திலேயே தொழிலுக்குள் பாடமாகிவிட்டது.

கலர் வந்த கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து கலர் லேப்களுக்கு ஓர் ஒப்பீட்டு அட்டை அனுப்பியது. ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். முதலில் அந்த அட்டைக்கு நின்ற பெண்ணின் பெயரே ஷெர்லி. வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் அட்டையில் சரியாக வந்துவிட்டால் இயந்திரம் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அவளுக்குப் பொருந்துவதே ‘நார்மல்’. வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூடப் படத்தில் கறுப்புக் குழந்தைக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்ததற்கு ஒரு காரணம் இதுதான். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்து 2009இல் எழுதினார். அவர் கண்டெடுத்ததில் நெஞ்சை அறுக்கிற செய்தி ஒன்று உண்டு. அடர்ந்த பழுப்பு நிறங்களைத் தெளிவாகப் பதிவு செய்யும்படி பிலிமை மேம்படுத்த கோடாக் முனைந்ததற்குப் பெரிய உந்துதலாக இருந்தது கறுப்பின மக்களின் புகார் அல்ல. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கு படத்தில் சரியாகத் தெரியவில்லை என்று கொடுத்த புகார். மனிதத் தோலுக்காக அசையாத தொழில்நுட்பம் நாற்காலிக்காக அசைந்தது. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கிற ஒப்பீட்டு அட்டை வர 1990கள் ஆனது.

இதே வரலாற்றில் நமக்கு வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயமாகச் சுமக்க வேண்டியிருந்த ‘பாஸ்’ அட்டைகளுக்குப் படமெடுக்க அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்தின் கருவிகள் பயன்பட்டன. 1970இல் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த கறுப்பினத்தவர் இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். கரோலின் ஹன்டர் வேதியியலாளர், கென் வில்லியம்ஸ் புகைப்படக்காரர். அவர்கள் அறிக்கை ஒட்டினார்கள், ஆட்களைத் திரட்டினார்கள், தங்கள் நிறுவனத்தையே புறக்கணிக்கச் சொல்லி உலகத்தைக் கேட்டார்கள். ஹன்டர் வேலையை இழந்தார். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. “நாங்கள் வெறும் டெக்னீஷியன்கள், முதலாளி சொல்வதைச் செய்கிறோம்” என்று சொல்லி ஒதுங்க அவர்களுக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

சரி, அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

போர்ட்ரெய்ச்சர் பழைய குதிரை. இமேஜெனாமிக் நிறுவனத்தினுடையது. படத்தில் எது தோல் என்பதை நிறத்தின் வரம்பை வைத்து அதுவாகவே ஊகித்து, ஒரு மாஸ்க் போட்டு, அந்த இடத்தை மட்டும் வழுவழுப்பாக்கும். வெளுத்த முகத்தில் இந்த ஊகம் சுலபமாகப் பலிக்கிறது. நம் முகங்களில்? என் அனுபவத்தில் முடி, தேக்குக் கதவு, அரக்கு நிறப் புடவை எல்லாவற்றையும் சேர்த்துத் தோல் என்று பிடித்துக்கொள்ளும். அல்லது கன்னத்தை எடுத்துக்கொண்டு தாடையின் நிழலை விட்டுவிடும். பொறுமை இருந்தால் மாஸ்க்கின் சாயலையும் வெளிச்ச அளவையும் கையால் திருத்திச் சரிசெய்யலாம். ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்குப் பொறுமை எங்கே இருக்கும்? அவன் கண்டுபிடித்த குறுக்குவழி, முதலில் முகத்தை வெளுப்பாக்கிவிட்டு அப்புறம் பிளக்இன்னை ஓட்டுவது. அப்போது மாஸ்க் ‘சரியாக’ விழுகிறது. பல ஸ்டூடியோக்களில் நடப்பது இதுதான். கருவி நமக்குப் பொருந்தவில்லை என்பதால் நம் முகத்தைக் கருவிக்குப் பொருத்துகிறோம்.

இப்போது வருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதைத் தாண்டிவிட்டன என்கிறார்கள். ஓரளவு உண்மை. ரீடச்ஃபோர்மீ ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி பிளக்இன் தருகிறது. பருவை எடுக்க ஒன்று, மேடுபள்ளங்களின் வெளிச்சத்தைச் சமப்படுத்த ஒன்று, எண்ணெய் மினுமினுப்பைக் குறைக்க ஒன்று. தோலின் இழையை அது அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஈவோட்டோ போன்றவை முகத்தைக் கண்டறிந்து நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் முடித்துத் தருகின்றன, ஏற்றுமதி செய்கிற ஒவ்வொரு படத்துக்கும் காசு. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கருவிகளுக்கு எது அழகு என்று கற்றுக்கொடுத்தது யார்? யாரோ ரீடச் செய்த படங்கள். அந்த யாரோவின் கையும் என் கையைப் போல ஒரே திசையில் போய்ப் பழகியிருந்தால், எந்திரம் கற்றுக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். 2017இல் ஃபேஸ்ஆப் என்ற செயலி முகத்தை ‘கவர்ச்சி’யாக்க ஒரு ஃபில்டர் கொடுத்தது. கறுப்பர்கள் போட்டுப் பார்த்தால் நிறம் வெளுத்து வந்தது. கண்டனம் எழுந்ததும், பயிற்சித் தரவின் சார்பு என்று சொல்லி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ‘ஜெண்டர் ஷேட்ஸ்’ ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிகச் செயலிகளைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். அடர்நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதிலேயே இந்த லட்சணம் என்றால், அதை ‘அழகாக்கும்’ வேலையை எந்த நம்பிக்கையில் ஒப்படைக்கிறோம்?

என்னைக் கேட்டால், பாதித் தப்பு பிளக்இன்னுக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைப் பின்னணி, தங்கச் சரிகை. கேமராவின் வெளிச்ச மானி இதையெல்லாம் பார்த்து, காட்சி அதிக வெளிச்சமாக இருக்கிறது என்று முடிவு செய்து அளவைக் குறைத்துவிடுகிறது. கறுத்த முகம் இருட்டுக்குள் போய்விடுகிறது. அப்புறம் கம்ப்யூட்டரில் அந்த இருட்டைத் தூக்கினால் புள்ளிபுள்ளியாக இரைச்சல் கிளம்பும். இரைச்சலை மறைக்க மழுப்பல். மழுப்பினால் முகம் மெழுகு. கடைசியில் “டார்க் ஸ்கின் போட்டோஜெனிக் இல்ல சார்” என்று ஒரு தீர்ப்பு. குற்றவாளியாவது தோல்! முகத்தைப் பார்த்து அளவெடுத்து, அகலமான மென்மையான வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்துப் பாருங்கள். கறுத்த தோலில் வெளிச்சம் விழுந்து பிரதிபலிக்கிற அந்த மினுக்குதான் முகத்துக்கு எலும்பையும் வளைவையும் கொடுக்கிறது. அதை ‘எண்ணெய் வழிசல்’ என்று நினைத்துத் துடைத்துவிட்டால் தட்டையான ஒரு பழுப்புப் பலகைதான் மிஞ்சும். பல மேட் எஃபெக்ட் பிளக்இன்கள் முழு அளவில் போட்டால் செய்வது அதைத்தான்.

“பேசுவது சுலபம் தோழர், வாடிக்கையாளர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாடகை யார் கட்டுவது?” இந்தக் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் கட்டியிருக்கிறேன், வெளுப்பாக்கிய முகங்களின் காசில். சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ‘பிரைட்’ என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன கேட்கிறோம் என்றே தெரியாது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை அனுப்பினால் அந்தக் கோரிக்கை வருவதே குறைகிறது, ஏனென்றால் அவர்கள் உணர்ந்த குறை பெரும்பாலும் வெளிச்சக் குறைதான். மீதிப் பாதிப் பேருக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம், “மாடலோட கலரையா மாத்தணும், படத்தோட வெளிச்சத்தையா?” என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வியை இப்படி வைத்தால், “கலரை மாத்துங்க” என்று எழுத்தில் பதில் அனுப்பியவர் என் அனுபவத்தில் மிகச் சிலர். வாய்வார்த்தையின் மறைவில் செய்கிறதை எழுத்தில் செய்ய அவர்களுக்குக் கூசுகிறது.

இன்னொரு வாதம், பெண்களே அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது. கேட்கிறார்கள். அவர்களை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுகிற முற்போக்காளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நிறத்துக்குத் தகுந்தபடி பவுன் கேட்கிற கல்யாணச் சந்தையில், தன் படத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கிற பெண் பேரம் பேசுகிறாள், வேறென்ன செய்வாள்? சந்தையை விட்டுவிட்டு அவளைத் திருத்தக் கிளம்பாதீர்கள். 2020இல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகத்தை உலுக்கியபோது, 1975இலிருந்து நம் வீடுகளில் இருந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. ஷாதி.காம் தன் தளத்திலிருந்து தோல்நிறத் தேடலை எடுத்தது. சாதித் தேடலை எடுக்க அந்த ஆண்டில் எந்த அவசரமும் ஏற்படவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது போலத்தான் நம் தொழிலில் ‘வெள்ளை’ போய் ‘பிரைட்’ வந்திருக்கிறது.

சட்டம் ஏதாவது செய்யுமா? நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவம், அளவு, தோல் இவற்றைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைச் சொல்லும் முத்திரை கட்டாயம். பிரான்ஸில் 2017 முதல் உடல் பருமனைக் கூட்டிக் குறைத்த மாடல் படங்களுக்கு முத்திரை உண்டு, தோலை அது தொடவில்லை. இங்கே விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கறுத்த நிறத்தவரை அழகற்றவராக, தோற்றுப்போனவராகக் காட்டக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் அது சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கான விதி. கிரீமே விற்காத ஒரு பட்டுப்புடவை விளம்பரத்தில் மாடலின் நிறத்தை இரண்டு படி ஏற்றினால் அதைக் கேட்க அதில் இடமில்லை. நார்வேயைப் போல ஒரு முத்திரை இங்கேயும் வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கவே இல்லை. நம் கோரிக்கைப் பட்டியலில் இதெல்லாம் அற்பமாகத் தோன்றுகிறது போலும்.

தம்பி, எதை வாங்குவது என்பதற்கு என் பதில் இது. விளம்பர வீடியோவில் காட்டுகிற முகத்தை வைத்து முடிவெடுக்காதே. இலவசச் சோதனைக் காலம் தருகிற பிளக்இன்களை இறக்கி, உன் அம்மாவின் படத்தில் போட்டுப் பார். எதையும் தொடாமல் அது முதலில் தருகிற முடிவைப் பார். அம்மாவின் நிறம் மாறியிருந்தால் அதன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். வழுவழுப்பும் வெளிச்சமும் தனித்தனி ஸ்லைடர்களாக இருக்கிறதா, ஒரே ‘பியூட்டி’ பொத்தானுக்குள் கட்டிப் போட்டிருக்கிறதா என்று பார். கட்டிப் போட்டிருந்தால் வேண்டாம். முடிவைத் தனி லேயராகத் தருகிறதா என்று பார், நாளைக்குத் திருப்பி எடுக்க முடிய வேண்டும். இப்போதைக்கு நான் பயன்படுத்துவது ரீடச்ஃபோர்மீயின் டாட்ஜ் அண்ட் பர்ன், அதுவும் பாதி அளவில். பருவை எடுக்க போட்டோஷாப்பிலேயே இருக்கிற ஹீலிங் பிரஷ் போதும், அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதே. போர்ட்ரெய்ச்சரைத் தொட்டால் வெளிச்ச ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு லேயரை முப்பது சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பருவையும் காயத்தையும் எடுக்கலாம். மச்சம், தழும்பு, நிறம் அவர்களுடையது, அவர்களைக் கேட்காமல் தொடாதே. ஒரே செட்டிங்கைக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஓட்டாதே. உண்மையில், அந்தப் பணத்தில் முதலில் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கு. பிளக்இன் அப்புறம்.

கடைசியாக, நம் வீட்டுக்குள் வருவோம். இதை எழுதத் தயங்கினேன். கடைகளையும் ஸ்டூடியோக்களையும் திட்டுவது வசதி. ஆனால் நம் தோழர்கள் வடிவமைக்கிற சுவரொட்டிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அம்பேத்கரின் நமக்குத் தெரிந்த படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவற்றைத் ‘தெளிவாக்கும்’ செயலியில் போட்டு, நிறமேற்றி, ரோஜா நிறக் கன்னத்தோடு ஒரு முகத்தை வாங்கி ஃபிளெக்ஸில் அடிக்கிறோம். அந்த நிறத்தை முடிவு செய்தது யார்? அவரைப் பார்த்தவர் யாருமில்லை, எங்கோ ஒரு எந்திரம். அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் இதே கதி. 1904இல் பிறந்து 1992 வரை வாழ்ந்த மீனாம்பாள் சிவராஜின் முகச் சுருக்கங்களைத் துடைத்து, சீரியல் நடிகை போலாக்கிய ஒரு படம் போன வருடம் எனக்கு வந்தது. அனுப்பியவர் நம் தோழர். “செமையா வந்திருக்குல்ல?” என்று கேட்டிருந்தார். நான் இதயக் குறி போட்டுவிட்டு நகர்ந்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறோம், நாய்க்குக் கருப்பி என்று பெயர் வைத்த படத்துக்குக் கண்ணீர் விடுகிறோம், நம் தலைவர்களின் தோலை மட்டும் வெளுத்துக் கும்பிடுகிறோம்.

தெய்வங்களைக் கறுத்த மாடல்களை வைத்துப் படமெடுத்த ‘டார்க் இஸ் டிவைன்’ என்ற தொடர் 2017இல் சென்னையிலிருந்து வந்தது. அழகான படங்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல்தான், கறுப்புக்கு மரியாதை வாங்கித்தர சாமி வர வேண்டியிருக்கிறதே என்று. நமக்குச் சாமி வேண்டாம். சுருக்கத்தோடும் தழும்போடும் மூத்தவர்களின் முகம் இருக்கிறது, ஆவணங்களில் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 14க்கான வேலைகளை இந்நேரம் பல தோழர்கள் தொடங்கியிருப்பீர்கள். ஃபிளெக்ஸ் கடைக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன், அந்த ‘என்ஹான்ஸ்’ லேயருக்குப் பக்கத்தில் இருக்கிற கண் குறியை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அடியில் மூலப்படம் இருக்கும். அதைச் சேமித்து அனுப்புங்கள். கடைக்காரர் “கொஞ்சம் டல்லா இருக்கே, ஏத்திடவா?” என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், முடிந்தால் பிரிண்ட் ஆகி வரும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.